எண்ணெய் விடக்கூடாத இடம்

யூரியாவுக்கும் பூச்சிமருந்துக்கும் கணக்கு முடித்து நம்மில் பலருக்குப் பல வருஷம் ஆகிவிட்டது. பெட்ரோலுக்கு மட்டும் முடிக்கவில்லை. வெளி இடுபொருள் வேண்டாம் என்று கூட்டத்தில் பேசிவிட்டு, திரும்பும் வழியில் பங்கில் நின்று நூறு ரூபாய்க்குப் போடச் சொல்கிறவன்தான் நானும். அந்த உறுத்தலில்தான் இரண்டரை வருஷத்துக்கு முன்னால் பேட்டரி வண்டி வாங்கினேன். கரியில் ஓடுகிற அனல் மின்நிலையத்திலிருந்துதானே உனக்குக் கரண்டு வருது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. பாதி உண்மை அது. செலவு குறைகிறது, புகை என் பின்னால் வருவதில்லை, அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்.

வீடு திருக்கோகர்ணத்தில். காடு அன்னவாசல் பக்கம், 15 கிலோமீட்டர். விடியக்காலை காட்டுக்குப் போய், முதல் நாள் சாயங்காலம் பறித்து வைத்த கத்தரி, வெண்டை, கீரைக்கட்டு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டை உழவர் சந்தைக்கு வருவேன். சந்தை முடிந்து வீடு. ஒரு சுற்றுக்கு 37 கிலோமீட்டர் ஆகும். இந்த 37 என்ற எண்ணைத்தான் வண்டி வாங்கும் முன்பே நான் கையில் வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கவில்லை. கடைக்காரர் "ஒரு சார்ஜுக்கு 90 கிலோமீட்டர்" என்றார், நான் தலையாட்டினேன்.

அந்த 90 பொய் இல்லை. ஒரே ஆள், சுமை இல்லை, சீரான வேகம், காற்று சரியாக இருக்கிற புது டயர் என்ற கணக்கில் வருகிற எண் அது. விதைக் கம்பெனிக்காரர் ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று அட்டையில் போடுவது மாதிரி. நம் மண்ணில் என்ன விளையும் என்பதை நாம்தானே பார்க்கணும்?

பார்க்கிற வழி சுலபம். பேட்டரியின் மேல் வோல்ட் எத்தனை, ஆம்பியர்-அவர் எத்தனை என்று எழுதியிருக்கும். இரண்டையும் பெருக்குங்கள். என் வண்டியில் 60 வோல்ட், 30 ஆம்பியர்-அவர். பெருக்கினால் 1800 வாட்-அவர், அதாவது 1.8 யூனிட். அதுதான் தொட்டி. தொட்டி எத்தனை கிலோமீட்டருக்கு வரும் என்பது நாம் ஓட்டுகிற விதத்தில் இருக்கிறது. நான் தனியாக 35 வேகத்தில் போனால் கிலோமீட்டருக்கு 27 வாட்-அவர் செலவாகிறது, 66 கிலோமீட்டர் வருகிறது. 60 கிலோ காய்கறியோடு வந்தால் 33 ஆகிறது, 55-க்குள் முடிந்துவிடுகிறது. 50 வேகத்தில் விரட்டினால் இன்னும் குறையும், ஏனென்றால் வேகம் கூடக் கூடக் காற்று தடுக்கிற தடுப்பு அதைவிட வேகமாகக் கூடும். இதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வருகிறேன். தேதி, எத்தனை கிலோமீட்டர், என்ன சுமை, திரும்பும்போது மீட்டரில் எத்தனை சதவீதம். பால் கணக்கு மாதிரி ஒரு வரி போதும்.

நோட்டு இல்லாவிட்டால் போன ஆடியில் நான் ஏமாந்திருப்பேன்.

சுமையோடு 55 வந்த வண்டி 50 ஆனது. அப்புறம் 46. ஒரு மாதத்தில் 42. ஒரு சந்தை நாளில் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் வரும்போது மூச்சு விட்டுவிட்டது. வீடு பக்கம்தான் என்றாலும், பேட்டரி வண்டியைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது என்ன கனம் என்று. கடையில் போய்ச் சொன்னேன். அவர் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "பேட்டரி போயிருச்சு, மாத்திருங்க, 28 ஆயிரம் ஆகும்" என்றார். எந்தக் கடை என்று எழுதப் போவதில்லை. இரண்டு வருஷத்தில் நான் மிச்சம் பிடித்த பெட்ரோல் காசில் பெரும்பகுதி அப்படியே போயிருக்கும்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பேட்டரி வயசாகித் தேய்ந்தால் வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும். ஒரே மாதத்தில் 13 கிலோமீட்டர் எப்படிப் போகும்? நோட்டைப் புரட்டினால், வேகமாகக் குறைய ஆரம்பித்த அதே வாரத்தில் ஓரத்தில் ஒன்று கிறுக்கியிருந்தேன்: "பின் பிரேக் கிரீச்." அதைப் படித்தும் இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை. பேட்டரி பேட்டரிதான், பிரேக் பிரேக்தான் என்று நினைத்தேன்.

பேட்டரி வண்டியில் சத்தம் தனியாகக் கேட்கும். பழைய வண்டியில் எஞ்சின் போடுகிற சத்தத்தில் பிரேக் கத்தினாலும் தெரியாது. இது ஊமை வண்டி, மண்துகள் உரசினால்கூடக் கேட்கும். கீரைக்காரம்மா ஒருத்தர், "உங்க வண்டி வர்றது நாலு தெருவுக்கு முன்னாடியே தெரியுது" என்று சிரித்தார். ரோஷம் வந்துவிட்டது எனக்கு.

என் அப்பா மாட்டுவண்டி ஓட்டியவர். அச்சு முனகினால் விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் குழைத்த வண்டி மையை எடுத்து வைப்பார், முனகல் நின்றுவிடும். கதவு கத்தினாலும் எண்ணெய், கிணற்று உருளை கத்தினாலும் எண்ணெய். அந்தப் புத்தியில் நான், பின்சக்கரத்தில் பிரேக் கைப்பிடி தண்டு உள்ளே போகிற இடுக்கில், ஒரு மூடி தேங்காய் எண்ணெயை ஊற்றினேன். சத்தம் நின்றது. சந்தோஷமாக ஒரு நாள் ஓட்டினேன்.

அடுத்த நாள் கண்மாய்க் கரையிலிருந்து இறங்கும்போது எதிரே செம்மறி மந்தை. பின் பிரேக்கைப் பிடித்தேன், கைப்பிடி முழுக்க வந்தது, வண்டி நிற்கவே இல்லை. பதறி முன் பிரேக்கை அழுத்தினேன். சரளை மண், பின்னால் 60 கிலோ. முன்சக்கரம் வழுக்கிச் சாய்ந்தது. ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு முழங்கை தோல் உரிந்து, தோள்பட்டை மூன்று வாரம் தூக்க முடியாமல் கிடந்தது. கத்தரிக்காய் பள்ளத்தில் உருண்டது. நாலு சக்கர வண்டி ஏதாவது எதிரே வந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஏங்க, பிரேக்குக்குப் போயி யாராச்சும் எண்ணெய் விடுவாங்களா? அறிவொளியில சைக்கிள் கத்துக்கிட்டப்பவே எங்களுக்குச் சொன்னாங்களே, ரிம்முல எண்ணெய் படக்கூடாதுன்னு."

1991-ல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. ஆயிரக்கணக்கில் பெண்கள் ஓட்டினார்கள். என் மனைவி அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. அவர் கற்றது அச்சுக்கு எண்ணெய், செயினுக்கு எண்ணெய், பிரேக்குக்கு மட்டும் கூடாது என்று. அச்சு உரசக்கூடாது, அதனால் எண்ணெய். பிரேக் உரசினால்தான் பிரேக். இவ்வளவு எளிய விஷயம் எனக்கு அறுபதை நெருங்கும்போது விழுந்துதான் புரிந்தது.

தெருமுனையில் மெக்கானிக் கடை வைத்திருக்கிற தம்பிதான் பின்சக்கரத்தைக் கழற்றினார். கழற்றும் முன்னால் ஒரு சோதனை செய்து காட்டினார். சாவியை அணைத்து, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றினார். அரைச் சுற்றில் நின்றது. "அண்ணே, சக்கரத்துக்குள்ள மோட்டார் இருக்கிற வண்டி இது. காந்தம் கொஞ்சம் இழுக்கும், அது வேற. ஆனா இப்படி நிக்கக்கூடாது. பிரேக் பிடிச்ச மானிக்கே இருக்கு." உள்ளே பார்த்தால் டிரம் முழுக்கச் செம்மண் புழுதி. எங்கள் பாதை செம்புறாங்கல் சரளைப் பாதை, மாவு மாதிரி புழுதி ஏறும். பிரேக் ஷூவை விரிக்கிற கேம் தண்டு துருப்பிடித்து, விரித்தால் திரும்ப முழுசாகச் சுருங்கவில்லை. போதாக்குறைக்கு, சத்தம் வந்த புதிதில் பிரேக் பிடிக்கவில்லையோ என்று நானே பின்னால் இருக்கிற நட்டை இரண்டு சுற்று இறுக்கியிருந்தேன். ஆக, ஒரு மாதமாகப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வண்டி ஓட்டியிருக்கிறேன். மோட்டார் பிரேக்கோடு மல்லுக்கட்டியதில் போனதுதான் அந்த 13 கிலோமீட்டர். பேட்டரிக்கு ஒரு நோயும் இல்லை.

இலையில் புள்ளி விழுந்தால் மருந்தடிக்காதே, வேரைப் பார் என்று பத்து வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லி வருகிறவன் நான்.

எண்ணெய் குடித்த ஷூவைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். வெறும் புழுதியாலும் மினுமினுப்பு ஏறியதாலும் கத்துகிற ஷூ என்றால் உப்புத்தாளால் மேல்தோலை லேசாகத் தேய்த்தால் போதும். டிரம்மைப் பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்து, கேம் தண்டைக் கழற்றித் துருவை எடுத்து, அந்தத் தண்டுக்கு மட்டும், அதுவும் நகக்கண் அளவு, கிரீஸ் வைத்தார் தம்பி. ஒன்றைக் கவனியுங்கள்: பிரேக் புழுதியை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். பழைய ஷூக்களில் கல்நார் இருக்கலாம், நுரையீரலுக்குக் கேடு. முகத்தைக் கட்டிக்கொண்டு ஈரத்துணியால் துடைப்பது நல்லது. எல்லாம் சேர்த்து ஐநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

அதன் பிறகு சத்தத்தைக் கேட்கக் கற்றுக்கொண்டேன். மார்கழிப் பனியில் வண்டி வெளியே நின்றால் முன்சக்கரத்து டிஸ்க்கில் லேசாகத் துரு படரும். காலையில் முதல் நாலு பிரேக்குக்குக் கரகரக்கும், பிறகு தானே போய்விடும். அதை விட்டுவிடலாம். பிரேக்கைத் தொடாதபோதே 'ஸ்ஸ்' என்று உரசல் தொடர்ந்து கேட்டால் அது என்னுடைய நோய். ஓட்டி முடித்ததும் டிரம் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், அனல் அடிக்கும். டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள், சுட்டுவிடும். சக்கரம் சுற்றுகிற கதியில் 'டிக் டிக்' என்று விட்டுவிட்டு வந்தால் டிஸ்க் வளைந்திருக்கும், இல்லை கல் மாட்டியிருக்கும். பிரேக் பிடிக்கும்போது இரும்பும் இரும்பும் அரைக்கிற சத்தம் வந்தால் லைனிங் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள். டிஸ்க் பேடில் எண்ணெயோ கிரீஸோ பட்டாலும் கதை டிரம் மாதிரியேதான். சங்கிலிக்கும் பூட்டுக்கும் எண்ணெய் தெளிக்கிற டப்பாவைச் சக்கரத்துப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

இன்னொன்று. பிரேக் கைப்பிடியைப் பிடித்தால் மோட்டாருக்குப் போகிற மின்சாரம் துண்டிக்கப்படுகிற மாதிரி பல வண்டிகளில் ஒரு சுவிட்ச் உண்டு. கைப்பிடி முழுசாகத் திரும்பாவிட்டால் வண்டி இழுக்காது, பின்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இதற்கும் பேட்டரி போச்சு என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

டயர் காற்றையும் வாரம் ஒரு முறை பார்க்கிறேன். அதுவும் மைலேஜைத் தின்னும்.

பேட்டரியைப் பற்றி நிறைய எழுத இடமில்லை. ஈய அமிலப் பேட்டரியைக் காலியாகப் போட்டு வைத்தால் கெடும், ஓட்டியதும் முழுசாக ஏற்றிவிட வேண்டும். லித்தியம் நேர் எதிர், நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் பாதி சார்ஜில் நிறுத்துவது நல்லது. இரண்டுக்கும் வெயில் ஆகாது. வேப்பமரத்தடி கிடைத்தால் அங்கே நிறுத்துங்கள். ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். படுக்கிற அறைக்குள், வாசற்படியை மறித்து, ராத்திரி முழுக்கப் போடவே போடாதீர்கள். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த வண்டி தீப்பிடித்து அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தது நினைவிருக்கும். அதே ஆண்டு டிசம்பரிலிருந்து பேட்டரிக்கான பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கினார்கள். வாங்கும்போது ஏஐஎஸ் 156 சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். பம்புசெட்டுக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தில் வண்டிக்கு ஏற்றுவது விதிப்படி கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட வண்டிக்கு உரிமம், பதிவு வேண்டாம் என்பது உண்மைதான், ஆனால் அதில் அறுபது கிலோ ஏற்றிச் சந்தைக்கு வர முடியாது.

செலவுக் கணக்கைக் கேட்பீர்கள். ஒரு முழு சார்ஜுக்கு இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. யூனிட் ஆறு ரூபாய் என்று வைத்தாலும் கிலோமீட்டருக்கு 25 பைசாவுக்குள். பெட்ரோலில் எனக்கு இரண்டு ரூபாய் ஆனது. ஆனால் பேட்டரியும் ஒரு நாள் தீரும், அதற்கும் எடுத்து வைக்கணும். 28 ஆயிரம் ரூபாய்ப் பேட்டரி 40 ஆயிரம் கிலோமீட்டர் உழைத்தால் கிலோமீட்டருக்கு 70 பைசா. இரண்டையும் சேர்த்தால் ஒரு ரூபாய்க்குப் பக்கம். இந்த 70 பைசாவைச் சேர்க்காமல் கணக்குச் சொல்கிறவரை நம்பாதீர்கள். நான் தினமும் ஒரு டப்பாவில் முப்பது ரூபாய் போடுகிறேன்.

சைக்கிளை விற்கவில்லை. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததைப் பார்த்தவர்கள் யாரும் விற்க மாட்டார்கள். ஐப்பசி பிறந்ததும் அதற்கும் காற்று அடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு வைத்தாயிற்று. ரிம்மைத் துடைத்தது மனைவி, என்னை அந்தப் பக்கம் விடவில்லை. நோட்டில் இந்த வாரம், சுமையோடு, 53.