காசோலையில் விட்ட இடைவெளி

காசோலை எழுதும்போது "ஐந்நூறு ரூபாய் மட்டும்" என்று முடித்து, மீதி இடத்தில் ஒரு கோடும் இழுத்துவிடுகிறோம். இடம் விட்டால் வேறொருவர் கைவரிசையைக் காட்டிவிடுவார் என்ற பயம்தான். இணையதளங்களுக்குப் புரோகிராம் எழுதுகிறவர்கள் இந்தக் கோட்டை இழுக்க மறந்ததால் நேர்ந்த தகவல் திருட்டுகள் பல. நம் குடும்பங்களில் கணிப்பொறித் துறையில் பணிபுரியும் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பதால், இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் கணிப்பொறியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாம் பெயரைத் தட்டியதும், புரோகிராம் அதை ஒரு கட்டளைக்குள் பொருத்தி டேட்டாபேஸுக்கு அனுப்புகிறது:

பெயர் = 'கமலா' எனில் விவரம் கொடு.

பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு மேற்கோள் குறிகளே எல்லைக்கல். விஷமி ஒருவர் பெயருக்குப் பதிலாக கமலா' அல்லது '1'='1 என்று தட்டினால் கட்டளை இப்படி ஆகிவிடும்:

பெயர் = 'கமலா' அல்லது '1'='1' எனில் விவரம் கொடு.

ஒன்றும் ஒன்றும் சமம் என்பது எப்போதும் உண்மையல்லவா? ஆகவே எல்லா உறுப்பினர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் அவர் கைக்குப் போய்விடும். இதற்கு 'எஸ்.க்யூ.எல். இன்ஜெக்ஷன்' என்று பெயர்.

இது ஏட்டளவிலான ஆபத்து அல்ல. 2015-இல் பிரிட்டனின் 'டாக் டாக்' தொலைபேசி நிறுவனத்திடமிருந்து இவ்வழியில் 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் திருடு போயின. மறு ஆண்டு அந்நிறுவனத்துக்கு 4 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

தட்டிய மேற்கோள் குறிக்கு முன்னால் \ என்ற சாய்கோட்டைச் சேர்த்தால், அது எல்லைக்கல் அல்ல, வெறும் எழுத்து என்று சில டேட்டாபேஸ்கள் புரிந்துகொள்ளும். இதை 'எஸ்கேப்' செய்வது என்பார்கள். பி.எச்.பி. மொழியில் இதைத் தானாகவே செய்யும் 'மேஜிக் கோட்ஸ்' என்ற வசதி இருந்தது. நல்லெண்ணம்தான், ஆனால் தகவல் எங்கே போகப்போகிறது என்பது அதற்குத் தெரியாது. ஓ'பிரையன் என்ற பெயர் திரையில் ஓ\'பிரையன் என்று வந்து நின்றது. எண் கேட்கும் இடத்திலோ '5 அல்லது 1=1' என்று குறியே இல்லாமல் தட்டலாம்; அங்கே சாய்கோடு உதவாது. 2012-இல் வந்த 5.4 பதிப்பில் இவ்வசதியை நீக்கிவிட்டார்கள்.

இணையப் பக்கத்தில் எல்லைக்கல் வேறு. அது < என்ற குறி. அதை மாற்றி எழுதாமல் வெளியிட்டால், ஒருவர் தட்டியது பார்ப்பவரின் கணிப்பொறியில் புரோகிராமாகவே ஓடும். 2005-இல் 'மைஸ்பேஸ்' தளத்தின் வடிகட்டியை ஏமாற்றி ஒருவர் தம் பக்கத்தில் நுழைத்த புரோகிராம், ஒரே நாளில் பத்து லட்சம் பேருக்கு மேல் பரவியது.

அப்படியானால் சரியான வழி எது? அச்சிட்ட படிவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 'பெயர்' என்ற கட்டத்தில் எதை எழுதினாலும் அது பெயராகத்தான் படிக்கப்படும். அதுபோல, கட்டளையை முதலில் தனியாக அனுப்பி, தட்டிய தகவலைப் பிறகு தனியாகத் தரும் முறை எல்லா முக்கிய மொழிகளிலும் உண்டு. பக்கத்தில் காட்டும்போது மட்டும், காட்டும் இடத்துக்கேற்ப எஸ்கேப் செய்ய வேண்டும்.

புரோகிராம் எழுதும் நம் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: "கோடு இழுத்தாயா?" அவர்கள் காப்பது யாரோ ஒருவருடைய வீட்டு முகவரி, அது நம்முடையதாகவும் இருக்கலாம்.