பிரேக் மிதியின் துடிப்பு

மதுரையிலிருந்து மேற்கே செல்லும் பெருஞ்சாலையில் உசிலம்பட்டியைக் கடந்தால் ஆண்டிபட்டிக் கணவாய் வரும். தேனியும் போடிநாயக்கனூரும் தாண்டினால், 17 கொண்டை ஊசி வளைவுகளுடன் போடிமெட்டு மலைச்சாலை தொடங்கும். அந்த மலையேறி மீளும் உசிலம்பட்டிக் காரோட்டி ஒருவர், பிரேக்கை மிதித்ததும் மிதி காலடியில் நாடிபோல் துடிப்பதை உணர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "டிஸ்க் வளைந்துவிட்டது, மாற்றிவிடுங்கள்" என்பதே பட்டறையில் வழக்கமாகக் கிடைக்கும் விடை. அவ்விடை சரிதானா?

1902-ல் இங்கிலாந்தில் லான்செஸ்டர் காப்புரிமை பெற்ற டிஸ்க் பிரேக்கின் தத்துவம் எளியது. சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இரு பேடுகள் இருபுறமும் கவ்வுகின்றன. வேகம் வெப்பமாக மாறுகிறது. 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் இறங்குகையில் வெளிப்படும் ஆற்றல், சுமார் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. தாழ்ந்த கியரில் இறங்காவிடில், இதில் பெரும்பகுதியைப் பிரேக்குகளே தாங்கவேண்டும்.

ஆயினும் வெப்பத்தால் தட்டு வளைவது அரிது. தட்டின் கனம் சீராக இல்லாமையே பெரும்பாலும் துடிப்புக்குக் காரணம். கனத்த பகுதி பேடுகளுக்கிடையே வரும்போதெல்லாம் பிஸ்டன் பின்னே தள்ளப்படுகிறது. பிரேக் எண்ணெய் அத்தள்ளலை மிதிக்குக் கடத்துகிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வேறுபாடும் காலுக்குத் தெரியக்கூடும்.

இவ்வேறுபாடு இருவழிகளில் நேரும். ஹப்பின் முகத்தில் துரு இருந்தாலோ, சக்கர நட்டுகளைச் சமமின்றி முறுக்கினாலோ, தட்டு சற்றே கோணலாகச் சுழன்று, பிரேக் பிடிக்காதபோதும் ஓரிடத்தில் பேடில் உரசித் தேயும். மற்றொன்று, மலையடிவாரத்தில் காரை நிறுத்திச் சூடான பிரேக்கை அழுத்தியபடியே இருத்தல். பேடின் பொருள் தட்டில் அப்பிக்கொள்ளும்.

இனி, சோதிக்கும் முறை. திடீரென அழுத்திப் பிடிக்கையிலோ மணற்பாங்கான இடத்திலோ மட்டும் மிதி அதிர்ந்தால், அது ஏ.பி.எஸ். அமைப்பின் இயல்பான வேலையாகலாம். மெதுவாகப் பிடிக்கையிலும் துடித்து, ஸ்டியரிங்கும் நடுங்கினால் முன்சக்கரங்களை ஐயுறலாம். மைக்ரோமீட்டரால் தட்டின் கனத்தை எட்டு இடங்களில் அளக்கவேண்டும். டயல் கேஜ் வைத்துக் கோணலாட்டத்தையும் பார்க்கவேண்டும். பிறகு தட்டைக் கழற்றி, ஹப்பைத் துருநீக்கி மாட்டி, மீண்டும் அளக்கவேண்டும். தட்டில் பொறித்துள்ள குறைந்தபட்சக் கனத்திற்குக் கீழே போகாதென்றால் கடைசல் பிடிக்கலாம். இல்லையேல் மாற்றுவதே முறை.

ஹப்பைத் துடைக்காமல் புதுத் தட்டு மாட்டினால், முதலில் நலமாகவே தோன்றும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே துடிப்பு திரும்பும். செலவிட்ட பணமோ வீண்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். மிதி துடிப்பதற்கு நாள் பார்த்துப் பட்டறைக்குச் செல்லலாம். மலைச்சரிவில் மிதி மெத்தென்று உள்ளே இறங்கினால், அது பிரேக் எண்ணெய் கொதித்ததன் அறிகுறியாகலாம். கியரைத் தாழ்த்தி, உடனே வண்டியை ஓரங்கட்டுங்கள். பிரேக் நன்றாக ஆறி, மிதி மீண்டும் உறுதியாக நிற்கும்வரை நகராதீர்கள்.