‘டாவின்சி கோட்’: ஒரே மூச்சில் படித்தவர்கள் தேவாலயத் தரையில் எதைத் தேடினார்கள்?

பாரிஸில் சான் சுல்பீஸ் என்று ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது. 2003-க்குப் பிறகு அங்கே புதுவிதமான கூட்டம் வர ஆரம்பித்தது. பிரார்த்தனைக்கு வந்த கூட்டம் இல்லை. கையில் ஒரு நாவல், கண்ணெல்லாம் தரை மேல். அங்கே பதித்திருக்கும் ஒரு பித்தளைக் கோட்டைப் பார்க்க வந்தவர்கள் இவர்கள். நாவலில் சொல்லியிருப்பதுபோல இது பழைய கோயில் ஒன்றின் மிச்சம் இல்லை என்று கடைசியில் தேவாலயமே அறிவிப்பு வைக்க வேண்டியதாயிற்று.

அந்த நாவல் டான் பிரவுனின் ‘டாவின்சி கோட்’. 2003 மார்ச்சில் வெளியானது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்றது. “படிச்சு முடிக்காம கீழே வைக்க முடியல” என்றது ஒரு கூட்டம். “அத்தனையும் புளுகு” என்றது இன்னொரு கூட்டம். இரண்டையும் சேர்த்தே சொன்னவர்களும் உண்டு. ஒரு மர்ம நாவலுக்கு ஏன் இவ்வளவு எதிர்வினை?

கதை என்ன?

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நள்ளிரவு நேரத்தில் அதன் காப்பாளர் கொல்லப்படுகிறார். சாவதற்கு முன் தன் உடலைச் சுற்றியே ரகசியக் குறிப்புகளை விட்டுச் செல்கிறார். ஹார்வர்டு பேராசிரியர் ராபர்ட் லாங்டனும் காவல்துறையின் குறியீட்டு நிபுணர் சோஃபியும் அந்தக் குறிப்புகளைத் துரத்துகிறார்கள். போலீஸ் அவர்களைத் துரத்துகிறது. (கொலைக்குப் பின்னால் இருப்பது யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை. இன்னும் படிக்காதவர்கள் தைரியமாகத் தொடரலாம்.)

இவ்வளவு வேகம் எப்படி வந்தது?

நாவலில் 105 அத்தியாயங்கள். பல அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கம்தான். ஒவ்வொன்றும் ஒரு கேள்வியில் போய் நிற்கும். பதில் அடுத்த அத்தியாயத்தில் வராது. அங்கே வேறு ஊர், வேறு ஆள். முதல் கேள்விக்குப் பதில் தெரிய இன்னும் ஒன்றைத் தாண்ட வேண்டும். ‘இன்னும் ஒரே ஒரு எபிசோடு’ என்று வெப் சீரிஸில் விடிய விடிய உட்காருகிறோமே, அதே கணக்கு.

வாசகருக்கும் வேலை உண்டு. சில புதிர்களை நாயகனுக்கு முன்பே நம்மால் அவிழ்த்துவிட முடியும். ‘அட, எனக்குத் தெரிஞ்சிடுச்சே!’ என்ற அந்தச் சின்ன சந்தோஷம் அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடும்.

ஓவியம், மதம், வரலாறு பற்றிய தகவல்களை டான் பிரவுன் தனியாக நிறுத்தி வைத்துப் பாடம் எடுப்பதில்லை. காரில், விமானத்தில், தப்பி ஓடும்போது, பேச்சோடு பேச்சாக வந்து விழும். போலீஸ் பின்னாலேயே வரும்போது அந்தத் தகவல் சரியா என்று யார் யோசிப்பார்கள்?

பிரச்சினை எங்கே ஆரம்பித்தது?

கதை தொடங்கும் முன்பே. நாவலின் முன்பகுதியில் ‘உண்மை’ என்று தலைப்பிட்ட ஒரு குறிப்பு இருக்கிறது. சியோன் மடம் என்ற ரகசியச் சங்கம் நிஜமாகவே உள்ளது, 1099-இல் தொடங்கப்பட்டது, கதையில் வரும் ஓவியம், கட்டிடம், ஆவணம், சடங்கு பற்றிய விவரிப்புகள் துல்லியமானவை என்கிறது அது. கதைதானே என்று புத்தகத்தைத் திறந்தவர், இதைத் தாண்டும்போதே வரலாற்றைப் படிக்கும் மனநிலைக்குப் போய்விடுகிறார்.

எது நிஜம், எது கதை?

சியோன் மடம்: இந்தப் பெயரில் ஒரு சங்கம் பிரான்ஸில் பதிவானது உண்மை. ஆனால் ஆண்டு 1956; பதிவு செய்தவர் பியேர் பிளான்டார். பழைமையானவை என்று காட்டிய ஆவணங்கள் 1960-களில் போலியாகத் தயாரித்து பிரான்ஸ் தேசிய நூலகத்தில் சேர்க்கப்பட்டவை.

லூவர் கண்ணாடிப் பிரமிடு: கண்ணாடிகள் 666 என்கிறது நாவல். அருங்காட்சியகம் சொல்லும் கணக்கு 673.

‘கடைசி இராவுணவு’ ஓவியம்: இயேசுவின் பக்கத்தில் இருப்பது மகதலேனா மரியாள் என்பது நாவலின் வாதம். அது சீடர் யோவான் என்பதே கலை வரலாற்றாளர்களின் பொதுவான கருத்து. இளவயது யோவானை மீசை தாடி இல்லாமல் மென்மையான முகத்தோடு வரைவது அக்கால இத்தாலிய ஓவியர்களின் வழக்கம்.

ஓபுஸ் தேயி: நாவலில் கொலை செய்பவர் இந்த அமைப்பின் துறவி. நிஜத்தில் இது 1928-இல் ஸ்பெயினில் தொடங்கிய கத்தோலிக்க அமைப்பு. துறவிகளே இதில் கிடையாது.

யார் எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

திருச்சபைக்குள் கோபம். 2005-இல் இத்தாலியின் ஜெனோவா பேராயர் கர்தினால் பெர்தோனே, இதை வாங்கவும் வேண்டாம், படிக்கவும் வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

சுற்றுலாவுக்கோ கொண்டாட்டம். கதை போய்ச் சேரும் இடங்களில் ஒன்று ஸ்காட்லாந்தின் ராஸ்லின் சிற்றாலயம். ஆண்டுக்குச் சில பத்தாயிரம் பேர் வந்துகொண்டிருந்த இடத்தில், படமும் வெளியான 2006 வாக்கில் அந்த எண்ணிக்கை 1.5 லட்சத்தைத் தாண்டியது.

எழுத்தாளர்கள் பலருக்கு நடை பிடிக்கவில்லை. சல்மான் ருஷ்டி கடுமையாகவே கிண்டல் செய்தார். உம்பர்ட்டோ எக்கோவின் விமர்சனம் வேறு மாதிரி: டான் பிரவுனே தன் நாவலிலிருந்து வந்த பாத்திரம்தான் என்றார். 1988-இல் எக்கோ எழுதிய ‘ஃபூக்கோவின் ஊசல்’ நாவலில், விளையாட்டாகச் சதிக் கதை ஒன்றை ஜோடிப்பவர்கள் கடைசியில் அதிலேயே சிக்கிக்கொள்கிறார்கள்.

லண்டனில் வழக்கும் நடந்தது. 1982-இல் வந்த ‘ஹோலி பிளட் அண்ட் ஹோலி கிரெய்ல்’ நூலை எழுதிய மூவரில் இருவர், தங்கள் ஆய்வின் சாரத்தை நாவல் எடுத்துக்கொண்டது என்றார்கள். 2006 ஏப்ரலில் அவர்கள் தோற்றார்கள். இதில் சுவாரசியம், நீதிபதி பீட்டர் ஸ்மித் தன் தீர்ப்பிலேயே சாய்வெழுத்துகளைக் கொண்டு ஒரு ரகசியக் குறியீட்டை ஒளித்து வைத்திருந்தார். நாவலின் ஜுரம் நீதிமன்றம் வரை போயிருந்தது!

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 2006-இல் திரைப்படம் வந்தபோது, சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டி மாநில அரசு தடை விதித்தது. பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது.

படித்தவர்கள் ஏமாளிகளா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. லூவர் நிஜம், ஓவியம் நிஜம், தேவாலயம் நிஜம். பத்துத் தகவலில் ஏழு சரியாக இருந்தால் மீதி மூன்றும் அதே வண்டியில் ஏறி வந்துவிடும். அத்தோடு ‘இதை உங்ககிட்ட இருந்து மறைச்சுட்டாங்க’ என்ற தொனி. மறைத்த விஷயம் நமக்கு மட்டும் தெரிந்துவிட்டது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? இதற்கு மேல் வேகம். நின்று யோசிக்க இடமே இல்லை.

இதே மூன்றையும் இன்று ஃபேமிலி குரூப்பில் வரும் ஃபார்வர்டில் பார்க்கலாம். நிஜமான ஓர் இடத்தின் பெயர், மறைக்கப்பட்ட உண்மை என்ற அலறல், ‘உடனே பகிருங்கள்’ என்ற அவசரம். நாவலில் இது உத்தி. அட்டையிலேயே நாவல் என்று போட்டிருக்கிறது. ஃபார்வர்டில் அந்த அட்டை இருப்பதில்லை.

அப்போ படிக்கலாமா, வேண்டாமா?

தாராளமாகப் படிக்கலாம். விறுவிறுப்புக்காக ஒரு முறை. முடித்த பிறகு, நம்பத் தோன்றிய இரண்டு தகவல்களை எடுத்துச் சரிபார்த்துப் பாருங்கள். அன்றைக்கு வாசகர்களில் நிறைய பேர் அதைத்தான் செய்தார்கள். நாவல் சொன்னதைச் சரிபார்க்கவென்றே தனிப் புத்தகங்கள் வரிசையாக வந்தன. அவற்றுக்கும் வாசகர்கள் இருந்தார்கள்.

அந்தப் பித்தளைக் கோட்டுக்கும் நிஜக் கதை ஒன்று உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் ஈஸ்டர் தேதியைக் கணக்கிட உதவியாக அமைத்த வானியல் கருவி அது. ஜன்னலில் விட்ட சிறு துளை வழியே நண்பகல் வெயில் உள்ளே வரும். அந்த ஒளிவட்டம் கோட்டில் எங்கே விழுகிறது என்பதை வைத்துச் சூரியனின் போக்கை அளந்தார்கள். குளிர்காலத்தில் சூரியன் மிகத் தாழ்ந்திருக்கும் நாளில், ஒளி தரையைத் தாண்டி எதிரே நிற்கும் கல்தூணின் மேல் ஏறிவிடும். ரகசியச் சங்கத்தைத் தேடிப் போனவர்கள் இதையும் பார்த்துவிட்டுத்தான் திரும்பியிருப்பார்கள்.