கூட்டில் ஒட்டிய கம்பளிக் கொழுப்பு

மொன்டானாவில் மான் வேட்டைக்குப் போகும் என்னைப் போன்றவர்கள், சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிய மாட்டோம், மறுபடி மருந்து நிரப்பிப் பயன்படுத்துவோம். சுட்டதில் உப்பிப்போன .308 வின்செஸ்டர் கூட்டை எஃகு அச்சுக்குள் அழுத்தினால் பழைய அளவுக்கு வந்துவிடும். மசகு தடவாமல் அழுத்தினால் அச்சிலேயே சிக்கிக்கொள்ளும். அப்புறம் துளைபோட்டு, மரை வெட்டி இழுத்துத்தான் எடுக்க வேண்டும். நான் பூசுவது லானோலின். செம்மறியாட்டு ரோமத்தின் கொழுப்பு.

அழுத்தி முடித்ததும் அது போயே ஆகவேண்டும். வெடிக்கும்போது கூடு விரிந்து துப்பாக்கி அறையின் சுவரைப் பற்ற வேண்டும். வழுக்கினால் பின்னோக்கிய அழுத்தம் அறையைப் பின்னால் மூடும் போல்ட்டின் மேல் கூடுதலாக விழும். கழுத்துக்குள் மிஞ்சினால் வெடிமருந்தைக் கெடுக்கும்.

மசகைப் போக்க, கூடுகளை மக்காச்சோளத் தக்கைத் தூளோடு அதிர்வுக் கலத்தில் ஓடவிடுவேன். கூட்டின் அடியில் பொறி பாயும் துளை 2 மி.மீ. அகலம்தான், தூள் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்ப்பது சள்ளைபிடித்த வேலை. நாலைந்து கூடுதான் என்றால் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியே போதும். வெந்நீரும் பாத்திரச் சோப்பும்கூட உதவும். உள்ளே மட்டும் ஈரம் நிற்கக்கூடாது. சிலர் எஃகு ஊசிகளோடு நீரில் சுழற்றிக் கண்ணாடிபோல் மினுக்குவார்கள். எனக்கு மசகு போனால் சரி.