பைத்தான் படிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்



சென்ற மாதம் பெருங்களத்தூரிலிருந்து ஒரு தாயார், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம் மகளுடன் நம் அலுவலகத்துக்கு வந்தார். நாம் கொடுத்த பழைய மடிக்கணினி பழுதாகிவிட்டது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும், 1,500 ரூபாய் ஆகும் என்று கடையில் சொல்கிறார்கள், உதவ முடியுமா என்று கேட்டார். பிள்ளையோ கணினிப் பாடத்தையே விட்டுவிடலாமா என்று கலங்கிப்போய் நின்றது. திறந்து பார்த்தோம். ஒரு பழுதும் இல்லை. திரையில் சிவப்பு எழுத்தில் ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட் எர்ரர்’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். இதே வரியோடு வேறு பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள் என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

பைத்தான் 1991-ல் கைடோ வான் ராசம் என்பவர் வெளியிட்ட நிரல்மொழி. இலவசம். பிறர் எழுதி வைத்த நிரல்களை நாம் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதுதான் அதன் பெரிய வசதி. அப்படிப்பட்ட தொகுப்பை லைப்ரரி என்கிறார்கள். ‘பிப்’ என்ற கருவியால் அதை இணையத்திலிருந்து இறக்கி நிறுவ வேண்டும். பிறகு நம் நிரலில் ‘இம்போர்ட்’ என்று எழுதி அழைக்க வேண்டும். அழைத்த லைப்ரரி பைத்தானுக்குக் கிடைக்காதபோதுதான் இந்த வரி வருகிறது.

அந்தப் பிள்ளை நிறுவியது ‘ஓப்பன்-தமிழ்’ என்ற லைப்ரரி. தமிழ் எழுத்துகளை எண்ணும் பயிற்சி. ‘தாம்பரம்’ என்பதில் நாம் எண்ணினால் 5 எழுத்து. பைத்தானிடம் ‘லென்’ என்று கேட்டால் 8 என்கிறது! துணைக்காலையும் இரண்டு புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணிவிடுகிறது. சரியாக 5 என்று சொல்ல அந்த லைப்ரரி வேண்டும். நிறுவியபோது வெற்றி என்றே செய்தி வந்திருக்கிறது. ஆனாலும் அழைத்தால் ‘இல்லை’ என்கிறது.

காரணம், அந்தக் கணினியில் இரண்டு பைத்தான்கள் இருந்தன. கல்லூரியில் சொல்லி அனகோண்டா போட்டிருக்கிறார். வீட்டில் பைத்தான் தளத்திலிருந்து இன்னொன்று. ஒரே தெருவில் இரண்டு ரஹ்மான் பாய் வீடு இருந்தால், மளிகைச் சாமான் ஒரு வீட்டில் இறங்கும், அடுத்த வீட்டில் பீவி அதைத் தேடிக்கொண்டிருப்பார். அதே கதைதான். ஒவ்வொரு பைத்தானுக்கும் லைப்ரரி வைக்கும் இடம் தனி.

எந்த வீட்டில் தேடுகிறோம் என்று கண்டுபிடிக்க, பிழை வருகிற அதே நிரலின் தலைப்பில் ‘இம்போர்ட் சிஸ்’ என்றும், அடுத்த வரியில் ‘பிரிண்ட்’ போட்டு அடைப்புக்குள் ‘சிஸ் புள்ளி எக்ஸிகியூட்டபிள்’ என்றும் எழுதி ஓட்டவும் (எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில்). ஓடுகிற பைத்தானின் முழு முகவரி தெரியும். அதை அப்படியே கமாண்ட் பிராம்ப்டில் இரட்டை மேற்கோளுக்குள் ஒட்டி, இடம் விட்டு ‘-எம் பிப் இன்ஸ்டால் ஓப்பன்-தமிழ்’ என்று அடித்தால் சரியான வீட்டில் போய் இறங்கும். வெறுமனே ‘பிப்’ என்று அடித்தால் அது எந்தப் பைத்தானுடைய பிப் என்பது நமக்குத் தெரியாது. விஎஸ் கோடு பயன்படுத்துவோருக்கு இன்னும் எளிது: நிரல் திறந்திருக்கும்போது கீழ் வரிசையில் பைத்தான் பதிப்பு எண் தெரியும். அதைச் சொடுக்கி மற்றொன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

நிறுவும் பெயர் ஒன்று, அழைக்கும் பெயர் வேறு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ‘ஓப்பன்-தமிழ்’ என்று நிறுவி, ‘தமிழ்’ என்று மட்டும் அழைக்க வேண்டும். ‘சைக்கிட்-லேர்ன்’ என்பதை ‘எஸ்கேலேர்ன்’ என்றும், ‘ஓப்பன்சிவி-பைத்தான்’ என்பதை ‘சிவி2’ என்றும், ‘பில்லோ’ என்பதை ‘பிஐஎல்’ என்றும் (இது மட்டும் பேரெழுத்தில்) அழைக்க வேண்டும். ஏன் இப்படி வைத்தார்கள் என்று எங்களைக் கேட்காதீர்கள்! ஆனால் பெயரை ஊகித்து நிறுவ வேண்டாம். பிரபலமான பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, தீங்கு செய்யும் நிரல்களைப் போட்டு வைத்தவர்கள் உண்டு. பாடக்குறிப்பில் உள்ளதை எழுத்துக்கூட்டிப் பார்த்து அடிக்கவும்.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. பைத்தானைச் சரிசெய்த பிறகும் வேறொரு பிழை வந்தது. பார்த்தால், பிள்ளை தன் கோப்புக்கே ‘தமிழ் புள்ளி பிஒய்’ என்று பெயர் வைத்திருக்கிறது. பைத்தான் முதலில் நம் நிரல் இருக்கும் கோப்புறையில்தான் தேடும். லைப்ரரிக்குப் பதிலாக அந்தக் கோப்பையே எடுத்துக்கொண்டது. ‘பயிற்சி1’ என்று பெயரை மாற்றியதும் திரையில் 5 என்று வந்தது. தாயாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பழைய மடிக்கணினி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்கவும். விண்டோஸ் 7-ல் பைத்தான் 3.8 வரைதான் நிறுவ முடியும். 3.9 முதல் அதற்கு இடமில்லை. பல லைப்ரரிகளின் புதிய பதிப்புகள் 3.8-ஐ ஏற்பதில்லை. ‘டிஎல்எல் லோட் ஃபெயில்ட்’ என்று வந்தால் விஷயம் வேறு: லைப்ரரி கிடைத்துவிட்டது, அதற்குத் துணையான கோப்பு ஒன்று கிடைக்கவில்லை. பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் தரும் இலவச ‘விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்’ நிறுவினால் சரியாகும். இவற்றுக்காக யாரும் பணம் கொடுத்துக் கணினியை அழிக்க வேண்டியதில்லை. அழித்தால் பிள்ளை செய்து வைத்த பாடங்களும் போய்விடும்.

இவ்வளவு செய்தும் சரியாகவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்குக் கணினியை எடுத்து வரவும். சார்ஜரை மறக்க வேண்டாம். வர இயலாத பெண் பிள்ளைகள் பிழைச்செய்தியை முழுதாகப் படமெடுத்து வீட்டார் மூலம் அனுப்பலாம். அதன் கடைசி வரி தெளிவாகத் தெரிய வேண்டும். எது இல்லை என்று பைத்தான் சொல்வது அந்த வரியில்தான்.