ஊர் பேர் தெரியாத அத்தி

இந்த எபிசோடை ஒரு மன்னிப்போட ஆரம்பிக்கணும். போன வருஷம் என்கிட்ட அத்திக் கட்டிங் வாங்கிட்டுப் போன நாலு பேருக்குத்தான் அது. உங்க ஒவ்வொருத்தர் பையிலயும் 'பிரவுன் டர்க்கி'ன்னு எழுதி ஒட்டிக் கொடுத்தேன். அது பிரவுன் டர்க்கி இல்ல. அப்ப என்னதுன்னு கேட்டா, அதுதான் இன்னைக்குக் கதை.

மூணு வருஷம் முன்னாடி சென்னையில ஒரு செடி பரிமாற்றச் சந்திப்பு. ஒரு அக்கா ஈரப் பேப்பர்ல சுத்தின மூணு குச்சியை நீட்டினாங்க. பென்சில் கனம், ஒரு சாண் நீளம். ஊர்ல முருங்கைக்குப் போத்து வெட்டுவோமே, அதே மாதிரி. நாட்டு அத்தி இல்ல, சீமை அத்தி. ரகத்தோட பேரையும் சொன்னாங்க. நான் ஐஸ்கிரீம் குச்சியில ஸ்கெட்ச் பேனாவால எழுதி குரோ பேக்ல குத்தி வச்சேன். ரெண்டு குச்சி வேர் விட்டுச்சு. டிசம்பர் மழையில எழுத்து கரைஞ்சு போச்சு. அக்காவோட நம்பரை வாங்கணும்னு அப்ப தோணவே இல்ல.

பேர் போனா என்ன, பழம் வந்தா சாப்பிட்டுக்கலாமேன்னு தோணலாம். ஆனா ஒரு விஷயம். கட்டிங்ல வர்ற செடி தாய்மரத்தோட நகல். விதையில வர்றது அப்படி இல்ல, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதனால ஒரு அத்தி ரகம் கைமாறிக் கைமாறி, கண்டம் விட்டுக் கண்டம் அப்படியே போகும். கூடப் போறது ஒரு லேபிள் மட்டும்தான். அது தப்பானா, தப்பும் நகல் எடுத்துக்கிட்டே போகும்.

இலை என்னை ஏமாத்தின கதை

நான் முதல்ல இலையைத்தான் பார்த்தேன். மொபைல் ஆப் 'ஃபைக்கஸ் காரிக்கா'ன்னு சொல்லுச்சு. அது இனத்தோட பேர். மாம்பழத்தைக் காட்டினா 'மாம்பழம்'னு சொல்ற மாதிரி. பங்கனபள்ளியா, மல்கோவாவான்னு அதுக்குத் தெரியாது. அப்புறம் இணையத்துல இருந்த படங்களோட ஒப்பிட்டு, நானே பிரவுன் டர்க்கின்னு முடிவு பண்ணிட்டேன்.

இப்ப அதே செடியைப் பார்த்தா சிரிப்பு வருது. கீழ இருக்கிற இலையில மூணு மடல், மேல அஞ்சு மடல், புதுத் துளிர்ல மடலே இல்ல. நிழல்ல வளர்ந்தா இலை பெருசாகும். மொசைக் வைரஸ் இருந்தா மஞ்சள் திட்டு விழுந்து வடிவமே கோணலாயிடும். அந்த வைரஸும் கட்டிங்கோட இலவசமா வரும்.

பழம் பேசணும்

இந்த வருஷம்தான் முதல் தடவையா பழம் ஒழுங்கா நின்னு பழுத்துச்சு. அத்தியைப் பறிச்சு வச்சுப் பழுக்க வைக்க முடியாது. மரத்துலயே கழுத்து தொய்ஞ்சு, தொட்டா மெத்துன்னு இருக்கணும். அணிலுக்கு முன்னாடி எழுந்து காவல் காத்தேன். பழம் தொங்கிடுச்சு, கண்ணுல ஒரு சொட்டுத் தேன் கூட வந்துடுச்சு. தோல் மட்டும் பச்சை மஞ்சளாவே இருந்துச்சு. பிட்டுப் பார்த்தா உள்ள சிவப்பு.

பிரவுன் டர்க்கி தோல் ஊதாவும் பழுப்பும் கலந்து இருக்கணும். அதனால அது இல்ல. கடோட்டான்னா உள்ள தேன் நிறமா இருக்கும். அதுவும் இல்ல. ஆனா பச்சைத் தோல், சிவப்பு உள்ளேன்னு அட்ரியாட்டிக், கோனாட்ரியான்னு நிறைய இருக்கு. 1955-ல ஐரா காண்டிட் அத்தி ரகங்களைப் பத்தி வெளியிட்ட தொகுப்புலயே 600-க்கு மேல ரகம் வருது. ஒரே ரகத்துக்குப் பல பேர், ஒரே பேருக்குப் பல ரகம். இங்கிலாந்துக்காரங்க சொல்ற பிரவுன் டர்க்கியும் கலிஃபோர்னியாக்காரங்க சொல்ற பிரவுன் டர்க்கியுமே வேற வேற.

14,000 கட்டிங்

பேர் சரியா இருந்தும் குழம்பின கதையும் ஒண்ணு இருக்கு. 1880-கள்ல ஒரு சான் பிரான்சிஸ்கோ பத்திரிகை, ஸ்மிர்னாவுல இருந்து, அதாவது இன்னைக்கு துருக்கியில இருக்கிற இஸ்மிர்ல இருந்து, கிட்டத்தட்ட 14,000 அத்திக் கட்டிங் வரவழைச்சு சந்தாதாரர்களுக்குக் கொடுத்துச்சு. மரம் நல்லா வளர்ந்துச்சு. பிஞ்சு மட்டும் கோலி அளவுல உதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு. 'ஸ்மிர்னாக்காரன் நம்ம தலையில போலியைக் கட்டிட்டான்'னு பலர் நினைச்சாங்க.

கட்டிங் நிஜம்தான். வராம போனது ஒரு குட்டிக் குளவி. 'அத்தி பூத்தாற்போல'ன்னு சொல்றோமே, அத்தி பூக்காம இல்ல. காய்க்குள்ளயே பூக்குது. ஸ்மிர்னா வகையில அந்தப் பூவுக்கு மகரந்தம் கொண்டு வர்றது, காப்ரிஃபிக் மரத்துல வாழுற அந்தக் குளவிதான். 1899-ல குளவியைக் கொண்டு வந்து நிலைநிறுத்தின பிறகுதான் அங்க பழம் நின்னுச்சு. குளவி இல்லாம என் மாடியில பழம் நின்னதால, என்னோடது ஸ்மிர்னா வகை இல்லன்னு மட்டும் தைரியமா சொல்லலாம்.

இனி என்ன?

டிஎன்ஏ சோதனை இருக்கு. ஆனா ஒப்பிட, பேர் உறுதியான மரத்தோட மாதிரி வேணும். அதனால நான் ரெண்டு வேலை செய்றேன். பேர் உறுதியா தெரிஞ்ச கோனாட்ரியா கன்னு ஒண்ணு தேடிக்கிட்டிருக்கேன், ஒரே மண், ஒரே வெயில்ல பக்கத்துல வளர்க்க. கூடவே ஒவ்வொரு பழத்தையும் பதிவு பண்றேன்: எடை, கழுத்து, காம்பு நீளம், கண் திறந்திருக்கா மூடியிருக்கா, தோல், உள் நிறம். ஒரு பருவம் பத்தாது, ரெண்டு மூணு வேணும்.

அதுவரைக்கும் புது லேபிள்: 'பேர் தெரியாது. சென்னை செடிப் பரிமாற்றத்துல வந்தது. பச்சைத் தோல், சிவப்பு உள்ளே.' இந்தத் தடவை பென்சில்ல எழுதினேன், மழைக்குக் கரையாது.

நாலு பேருக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன். மூணு பேர் அப்பவே லேபிளை மாத்திட்டாங்க. நாலாவது நண்பர் கொஞ்சம் தயங்கிட்டுச் சொன்னார்: "மச்சி, நான் அதுல இருந்து ரெண்டு பேருக்குக் கட்டிங் கொடுத்துட்டேனே."

அந்த ரெண்டு பேர் இதைக் கேட்டுக்கிட்டிருந்தா, ப்ளீஸ், குச்சியில இருக்கிற பேரை அழிச்சிடுங்க. அக்கா, நீங்க கேட்டுக்கிட்டிருந்தா, அன்னைக்குச் சொன்ன பேரை இன்னொரு தடவை சொல்லுங்க.