பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட படம்

எங்கள் வீட்டு ஹாலில் டி.வி.க்கு மேலே ஒரு பெரிய போட்டோ மாட்டியிருக்கிறது. குளத்துக்கு மேல் நாற்பது வாத்துகள் ஒரே நேரத்தில் இறக்கை விரித்து எழும்புகிற படம். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகூடத் தெளிவாக விழுந்திருக்கும். நான் எடுத்ததுதான். வருகிறவர்கள் எல்லாரும், "நீங்களா எடுத்தீங்க? காலண்டர் படம்னுல்லா நினைச்சேன்!" என்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது. ஆனால் பக்கத்தில் நிற்கும் என் எட்டு வயசுப் பேரன் சும்மா இருக்க மாட்டான். "நான்தான் கல்லெறிஞ்சேன்! அப்புறம்தான் பறந்துச்சு!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வான். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வருஷமாக மனசு அரித்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் ஐம்பத்தாறாவது வயசில் மகன் ஒரு சூம் கேமரா வாங்கித் தந்தான். முதலில் மாடியில் வருகிற தேன்சிட்டு, கொல்லையில் திரிகிற செம்போத்து என்று எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு கூந்தன்குளத்துக்குப் போக ஆரம்பித்தேன். பாளையங்கோட்டையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். நாங்குநேரி பக்கத்துச் சின்னக் கிராமம். 1994-ல் சரணாலயம் என்று அறிவித்தார்கள். பிறகு ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் அரசாங்கம் பலகை வைப்பதற்கு ரொம்ப காலம் முன்பிருந்தே அந்த ஊர்க்காரர்கள்தான் பறவைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். தெருவில் நிற்கும் வேப்பமரத்தில்கூட நாரை கூடு கட்டியிருக்கும். கீழே துணி காயப்போட முடியாது, எச்சம் விழும், வாடை அடிக்கும். ஒருத்தரும் மரத்தை வெட்டுவதில்லை. தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பால்பாண்டி என்று ஒருவர் இருந்தார். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து, மீன் ஊட்டி, வளர்த்து விடுவார். அவர் இப்போது இல்லை.

"எல்லாம் சைபீரியாவிலிருந்து வருது" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது முழுக்கச் சரியில்லை. மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் நம் நாட்டுப் பறவைகளேதான். வெளிநாட்டு விருந்தாளிகள் இங்கே கூடு கட்டுவதே இல்லை. குளிருக்குப் பயந்து வந்து, நம் குளங்களில் சாப்பிட்டுவிட்டு, வடக்கே பனி உருகுகிற வசந்த காலத்தில் திரும்பிப் போகும். அந்த வசந்த காலம் நமக்கு மாசி, பங்குனி வெயில்!

அந்த விருந்தாளிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது பட்டைத்தலை வாத்து. மங்கோலியா, திபெத் பக்கத்து ஏரிகளில் முட்டையிடுகிற பறவை. மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டி விட்ட வாத்துகளைத் தென்னிந்தியக் குளங்களில் பார்த்திருக்கிறார்கள். நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம், நடுவிலே இமயமலை! ஆராய்ச்சிக்காரர்கள் சின்னக் கருவி கட்டிப் பார்த்ததில் ஏழாயிரம் மீட்டருக்கு மேல்கூட ஏறிப் போயிருக்கிறது. அங்கே மனுஷனுக்கு மூச்சு முட்டும். கழுகு மாதிரி காற்றில் மிதந்து போகிற சொகுசும் அதற்குக் கிடையாது. இறக்கையை அடித்து அடித்தே ஏற வேண்டும். எடை என்னவோ இரண்டு, மூன்று கிலோதான்.

போன வருஷம் மாசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேரனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். காலை ஏழு மணி. தண்ணீர் வற்றிய ஓரத்தில் புல் முளைத்திருந்தது. வாத்துக் கூட்டம் அங்கே மேய்ந்துகொண்டிருந்தது. எடுத்த படம் எல்லாம் ஒரே மாதிரி... குனிந்த தலையும் சாம்பல் நிற முதுகும். எனக்குப் பொறுக்கவில்லை. பேப்பரில், காலண்டரில் வருகிற மாதிரி பறக்கிற படம் வேண்டும் என்று ஆசை. பேரனைக் கூப்பிட்டு, "ஒரு மண்ணாங்கட்டி எடுத்துத் தூர எறிடா, மேலே படாம எறி" என்றேன்.

"பாவம் ஆச்சி..." என்று இழுத்தான். பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள்! "படாதுடா, சும்மா பறக்கும், அவ்வளவுதான்" என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

எறிந்தான். மொத்தக் கூட்டமும் சத்தம் போட்டுக்கொண்டு எழுந்தது. நான் பட்டனை அமுக்கிய விரலை எடுக்கவே இல்லை.

கரையில் விறகுக் கட்டோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெரியம்மா நின்றுவிட்டார். எழுபது வயசு இருக்கும். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கட்டை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டார்: "ஏம்மா, அதுவ ஊருக்குப் போற புள்ளைகள்லா? இன்னிக்கோ நாளைக்கோ கெளம்பப் போவுதுவ. வயிறு நெறைய திங்கட்டும்னு நாங்க வெடி கூட போடாம கெடக்கோம். நீங்க பந்தியில இருந்து எழுப்பி விட்டுட்டியளே!"

எனக்குச் சுருக்கென்றது. நம் வீட்டில் விரோதியாகவே இருந்தாலும் இலையில் உட்கார்ந்தவரை எழுப்புவோமா? மகளை ஊருக்கு அனுப்பும்போது, "இன்னும் ஒரு இட்லி" என்று தட்டில் வைக்கிறவர்கள்தானே நாமெல்லாம்? பதில் சொல்ல வாய் வரவில்லை. பெரியம்மா கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். அந்தப் பெரியம்மா எந்தப் புத்தகமும் படிக்காமல் சொன்னது அப்படியே அதில் இருந்தது. கிளம்புவதற்கு முந்தின வாரங்களில் இந்தப் பறவைகள் வழக்கத்தைவிட அதிகம் சாப்பிட்டு உடம்பில் கொழுப்பைச் சேர்த்து வைக்குமாம். நீண்ட பயணத்துக்கு அதுதான் பெட்ரோல். ஒவ்வொரு தடவை பயந்து எழும்பும்போதும் சேர்த்து வைத்ததில் கொஞ்சம் கரையும், மேய்கிற நேரமும் போகும். ஒரு கல்லால் ஒன்றும் ஆகிவிடாது என்று நினைக்கலாம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கரையில் என்னைப் போல் கேமராவோடு இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நாய் வரும், பைக் வரும், செல்போனைத் தூக்கிக்கொண்டு கிட்டே ஓடுகிறவர்கள் வருவார்கள். ஆளுக்கு ஒரு தடவை எழுப்பினால்? வடக்கே போய் முட்டையிடுகிற வாத்து வகைகளில், தாய் மெலிந்து போய்ச் சேர்ந்தால் முட்டையும் குறையும் என்று படித்தபோது அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கிடையில் மகன் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, பிரேம் போட்டு, என் பிறந்தநாளுக்குக் கொண்டுவந்து மாட்டிவிட்டான். எப்படி வேண்டாம் என்பது?

படத்தைவிட என்னை உறுத்தியது பேரனின் பெருமைதான். "பாவம்" என்று சொன்ன பிள்ளையை, "நான்தான் எறிஞ்சேன்" என்று சொல்ல வைத்தது யார்?

இந்த வருஷம் மாசியில் மறுபடியும் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை பளிச்சென்ற புடவை கட்டாமல் பழைய பச்சைச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். ஆறரைக்கே கரைக்குப் போய், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி ஒரு உடைமர நிழலில் உட்கார்ந்துவிட்டோம். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பேரன் ஒரு கல்லை எடுத்து டவுசர் பைக்குள் போட்டு வைத்திருந்தான். பார்த்தும் நான் ஒன்றும் சொல்லவில்லை. "இன்னிக்கு ஒரு விளையாட்டு. நாம இங்க இருக்கோம்னு வாத்துக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா நாம தோத்தோம்" என்றேன்.

கூட்டத்தில் எப்போதும் ஒன்றிரண்டு மேயாமல் தலையைத் தூக்கிக் காவல் பார்க்கும். நம்மைக் கண்டு சந்தேகம் வந்தால் அது நாலாகும், பத்தாகும். பத்துத் தலை நிமிர்ந்தால் அடுத்து எழும்பப் போகிறது என்று அர்த்தம். பேரன் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தான். நான் காலை மாற்றி வைத்ததும், "ஆச்சி, அஞ்சு ஆயிட்டு, அசையாதீங்க" என்று என்னை அதட்டினான். அப்படியே சிலை மாதிரி இருந்தேன். ஒவ்வொன்றாகத் தலை குனிந்தது. அப்புறம் எங்களை மறந்தே போய், நாங்கள் இருந்த பக்கமாகவே மேய்ந்துகொண்டு வந்தன! ஆரஞ்சு நிறக் கால், புல்லை வெட்டுகிற அலகு, கழுத்தில் இறங்குகிற வெள்ளைக் கோடு எல்லாம் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். ஒன்பது மணிக்கு மேல் கானல் கிளம்பி படம் கலங்க ஆரம்பித்ததும், குனிந்தபடியே பின்னால் நகர்ந்து வந்துவிட்டோம். ஒன்றுகூட எழும்பவில்லை. கல் அவன் பையிலேயே வீடு வந்து சேர்ந்தது.

எடுத்தது எல்லாம் குனிந்த தலையும் சாம்பல் முதுகும்தான். யாரும் காலண்டர் என்று சொல்ல மாட்டார்கள்.

ஹாலில் இருக்கும் பழைய படத்தை நான் இன்னும் கழற்றவில்லை. கழற்றினால் மகனிடம் காரணம் சொல்ல வேண்டும். இந்தக் கடிதம் அச்சில் வந்தால் அவனே படித்துக்கொள்வான்.

திரும்பி வரும் வழியில் அதே பெரியம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததோ என்னவோ, தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, கேமராவின் சின்னத் திரையில் அன்றைய படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னம்மா பண்ணுதுவ?"

"சாப்பிடுதுவ, பெரியம்மா" என்றான் பேரன்.

"திங்கட்டும், திங்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டார்.

– ஒரு வாசகி, பாளையங்கோட்டை